மல்டிடிராக் ரெக்கார்டரில் குவிந்துபோன பாட்டுகள்: எதை வைப்பது, எப்படிப் பெயரிடுவது, எப்போது அழிப்பது?

6 மே 2023, கேள்வி

எங்கள் தேவாலயப் பாடகர் குழுவின் ஒலிப்பதிவுகளை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். கருவி ஜூம் ஆர்16, ஒவ்வொரு மைக்கின் ஒலியையும் தனித்தனி டிராக்காகப் பதியும் மல்டிடிராக் ரெக்கார்டர். கிறிஸ்துமஸ் கீதங்கள், லெந்து கால ஒத்திகைகள், ஈஸ்டர் ஆராதனை எல்லாம் ஒரே 32 ஜிபி மெமரி கார்டில் கிடக்கின்றன. கருவி தானாக இட்ட எண்களே பெயர்களாக நிற்கின்றன. எந்த எண்ணில் எந்தக் கீர்த்தனை என்று குழுவில் ஒருவருக்கும் நினைவில்லை. கார்டில் இடமும் தீரப்போகிறது. கம்ப்யூட்டரில் செருகி, கோப்புகளுக்கு நல்ல பெயர் வைத்துவிட்டு, வேண்டாதவற்றை அழித்துவிடலாம் என்று நினைக்கிறேன். சரியான வழிதானா?

6 மே, இரவு

வேண்டாம். பெயரை மாற்றவும் வேண்டாம், எதையும் அழிக்கவும் வேண்டாம். அடுத்த பதிவுக்குப் புதிய கார்டு ஒன்று வாங்கிவிடுங்கள். பழைய கார்டின் ஓரத்தில் சிறிய பூட்டு விசை இருக்கும். அதைக் கீழே தள்ளிவிட்டு, கார்டில் உள்ளது மொத்தத்தையும் கம்ப்யூட்டருக்கு அப்படியே நகலெடுங்கள். அந்த நகலிலிருந்து இன்னொரு நகல். கைவைப்பதெல்லாம் இரண்டாவது நகலில்தான்.

காரணம் இது. இந்தக் கருவியில் ஒரு ப்ராஜெக்ட் என்பது ஒரு கோப்புறை. அதன் உள்ளே ஒலி வேவ் கோப்புகளாக, அதாவது சுருக்கப்படாத ஒலிக்கோப்புகளாக இருக்கும். ப்ராஜெக்டைப் பற்றிய விவரங்கள் வேறு கோப்பில் இருக்கும். மூன்றாவது டிராக்கில் எந்த வேவ் ஓட வேண்டும், ஃபேடர் (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுவிசை) எங்கே நிற்க வேண்டும், எங்கெங்கே குறி வைத்தோம் என்பதெல்லாம் அந்த விவரக் கோப்பில்தான். நீங்கள் கம்ப்யூட்டரில் "மோனோ-003" என்பதை "ஆல்டோ" என்று, பாடும் குரல் பிரிவின் பெயராக மாற்றினால் விவரக் கோப்புக்கு அது தெரியாது. கருவி பழைய பெயரையே தேடும், கிடைக்காது, டிராக் காலியாக நிற்கும். ஒலி அழிந்திருக்காது. ஆனால் எட்டு டிராக்குக்கும் இப்படிச் செய்துவிட்டு, பிறகு கருவியில் ஒவ்வொன்றாக மறுபடி பொருத்துவது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

பெயர் மாற்ற வேண்டுமென்றால் கருவியின் மெனுவிலேயே மாற்றுங்கள். மெதுவான வேலைதான், ஒவ்வொரு எழுத்தாகச் சுழற்றி வைக்க வேண்டும். ஆனால் எந்தப் பிணைப்பும் அறுந்துபோகாது.

7 மே

இடையில் ஒருவர் எழுதியிருக்கிறார்: தான் எப்போதும் கம்ப்யூட்டரில்தான் பெயர் மாற்றுவதாகவும் இதுவரை ஒரு சிக்கலும் வந்ததில்லை என்றும். அவர் சொல்வதும் நடக்கக்கூடியதே. அவர் வேவ் கோப்புகளைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய் அங்கேயே மிக்ஸ் செய்கிறார், அதாவது டிராக்குகளை ஒன்றாகக் கலக்கிறார். கருவிக்குத் திரும்பக் கொண்டுவருவதே இல்லை. அப்படியென்றால் விவரக் கோப்பு அவருக்குத் தேவையே இல்லை.

ஆகவே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும். உங்கள் மிக்ஸ் எங்கே நடக்கிறது? கருவியின் ஃபேடரில் என்றால் ப்ராஜெக்ட் கோப்புறை முழுதாக இருக்க வேண்டும்; ஒரு கோப்பைக்கூடத் தனியாகப் பிரிக்கக் கூடாது. கம்ப்யூட்டரில் என்றால் வேவ் மட்டும் போதும், ஆனால் எந்த வேவ் எந்தக் குரல் என்று எங்காவது எழுதியிருக்க வேண்டும். இரண்டும் கலந்து, பாதியை இங்கே பாதியை அங்கே என்று வைத்திருப்பவர்களிடம்தான் பாட்டுகள் தொலைகின்றன.

7 மே, மாலை

கார்டில் இடம் தீரப்போகிறது என்றீர்களே, அந்தக் கணக்கு இது.

44.1 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 44,100 ஒலி மாதிரி), 16 பிட் (ஒரு மாதிரிக்கு இரண்டு பைட்), ஒரு டிராக்: நொடிக்கு 88,200 பைட். நிமிடத்துக்கு ஏறக்குறைய 5.3 எம்பி. 24 பிட் என்றால் நிமிடத்துக்கு 7.9 எம்பி. எட்டு டிராக்கும் ஓடினால் 24 பிட்டில் நிமிடத்துக்கு 63.5 எம்பி, மணிக்கு 3.8 ஜிபி. உங்கள் 32 ஜிபி கார்டு எட்டு டிராக் பதிவுக்கு எட்டே கால் மணி நேரத்தைத் தாண்டிச் சிறிது தூரம் வரும், அவ்வளவுதான். ஒத்திகைகளையும் சேர்த்தால் அது நிரம்பியதில் வியப்பில்லை.

இடம் போதவில்லை என்று 16 பிட்டுக்கு இறங்காதீர்கள். குழுப்பாடலில் ஒரு சரணம் மெல்லிய குரலில் தொடங்கி, பல்லவிக்கு வரும்போது நாற்பது பேர் முழுக்குரலில் பாடுவார்கள். 24 பிட்டில் பதிவு அளவைத் தாழ்வாக வைத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டாலும் மெல்லிய பகுதி இரைச்சலில் மூழ்காது. 16 பிட்டில் அந்தத் தாராளம் குறைவு. கார்டு மலிவு, ஈஸ்டர் ஆராதனை வருடத்துக்கு ஒருமுறை.

9 மே

இனி என் சொந்த அனுபவம். செய்யாறு, வந்தவாசிப் பக்கம் தெருக்கூத்து பதிவு செய்கிறேன். திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் இரவு பத்து மணிவாக்கில் தொடங்கும் கூத்து, விடியும்போது முடியும். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை என்ற ஊதுகருவி, தாளம், பின்பாட்டுக்காரர்கள், கூத்தாடும் இடமான களரியின் முன்பக்கம் இரண்டு மைக். எட்டும் நிறைந்துவிடும். ஒரே இரவில் கார்டும் நிறையும். மறுநாள் இரவு வேறு ஊர், வேறு ஜமா (கூத்துக் குழு).

இத்தனை பதிவுகளுக்கு நடுவில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். பாட்டின் அடையாளத்தைக் கோப்பின் பெயரில் மட்டும் வைக்காதீர்கள். ஒலிக்குள்ளேயே வையுங்கள். பதிவு பொத்தானை அழுத்தியதும், யாரும் பாடுவதற்கு முன், மைக் அருகில் போய்ச் சொல்லுங்கள்: தேதி, ஊர், குழு, என்ன பாட்டு, எத்தனையாவது முறை. பத்து நொடிகூட ஆகாது. பிறகு கோப்பின் பெயர் மாறினாலும், கார்டு பழுதாகி மீட்பு மென்பொருள் எல்லாவற்றுக்கும் வெறும் எண்ணைக் கொடுத்தாலும், இருபது ஆண்டு கழித்து யாரோ ஒருவர் தனியாக அந்த ஒரு வேவை மட்டும் திறந்தாலும், அது இன்னதென்று அதுவே சொல்லும்.

பழைய கூத்து ஒலிநாடாக்கள் எத்தனையோ வீடுகளில் கிடக்கின்றன. அருமையான குரல்கள். யார் பாடியது, எந்த ஊர், எந்த வருடம் என்று உறையில் எழுதிய மை வெளுத்துவிட்டது. அந்த ஜமாவின் வாத்தியார் உயிரோடு இருந்தால் கேட்டுச் சொல்லிவிடுவார். இல்லையென்றால் அது பெயரற்ற குரல்தான். பதிவு செய்தவர் தொடக்கத்தில் ஒரு வரி பேசியிருந்தால் போதும்.

10 மே

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மைக்கின் முன் நின்று பேசினால் அந்த டிராக்கில் மட்டுமே தெளிவாகக் கேட்கும். பாடகர் குழுவில் மைக்குகள் தள்ளித் தள்ளி இருக்கும். அதனால் பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு மைக்காகப் போய்ச் சொல்லுங்கள்: "ஒன்று, சோப்ரானோ, இடப்பக்கம்", "இரண்டு, ஆல்டோ", "மூன்று, டெனர்". நான் களரியைச் சுற்றி இப்படி நடப்பேன். ஒருமுறை, கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வேஷக்காரர் பின்னாலேயே நடந்து வந்து, ஒவ்வொரு மைக்கிலும் என் குரலிலேயே அதைத் திருப்பிச் சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்கவைத்துவிட்டார். அந்தப் பதிவில் எந்த மைக் எது என்பதில் எவருக்கும் ஐயம் வராது!

நேரடியாக வயர் செருகிய கீபோர்டுக்கு இது பொருந்தாது. அந்த டிராக்கில் உங்கள் குரல் விழாது. அதற்கு, பாட்டின் சுருதியைக் கீபோர்டில் ஒருமுறை நீளமாக அழுத்தச் சொல்லுங்கள். எந்தச் சுருதியில் பாடினார்கள் என்பதும் கூடவே பதிவாகிவிடும்.

கடைசியில் ஒரு கைதட்டு. ஓங்கி, ஒரே ஒரு தட்டு. பிற்பாடு டிராக்குகளைக் கம்ப்யூட்டரில் வரிசைப்படுத்த நேர்ந்தால் எல்லா அலைவடிவத்திலும் அந்தக் கூர்முனை தெரியும்.

10 மே, கேட்டவரிடமிருந்து

இனிமேல் அப்படியே செய்கிறோம். ஆனால் ஏற்கெனவே கிடப்பவற்றை எப்படி அடையாளம் காண்பது? ஒவ்வொன்றாகக் கேட்க நேரமில்லை.

11 மே

கேட்டுத்தான் ஆக வேண்டும், ஆனால் முழுதாகக் கேட்க வேண்டியதில்லை. உங்களிடம் என்னிடம் இல்லாத பெரிய வசதி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் என்னென்ன பாடப்பட்டது என்று ஆராதனை முறைத் தாளில் அச்சாகியிருக்கும். பலகையில் பாமாலைப் புத்தகத்தின் எண்ணும் கீர்த்தனைப் புத்தகத்தின் எண்ணும் மாட்டியிருப்பார்கள். அந்தத் தாள்களை யாராவது எடுத்துவைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். கருவியின் கடிகாரம் சரியாக வைக்கப்பட்டிருந்தால் கோப்பின் தேதியையும் தாளின் தேதியையும் பொருத்தினாலே பாதி வேலை முடிந்தது. பேட்டரி கழற்றிக் கழற்றி மாட்டிய கருவியென்றால் தேதியை நம்ப வேண்டாம், வரிசையை மட்டும் நம்புங்கள். அடுத்தடுத்த எண்கள் அடுத்தடுத்துப் பாடியவைதான்.

பிறகு ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் சோப்ரானோ மைக்கின் வேவை மட்டும் திறந்து முதல் வரியைக் கேளுங்கள். குழுவில் மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் திரையைப் பார்ப்பதற்குள் அவர் எண்ணைச் சொல்லிவிடுவார்.

11 மே, சற்றுக் கழித்து

அந்த எண்ணையே ப்ராஜெக்டின் பெயராக வையுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். சிறிய திரையில் சில எழுத்துக்குத்தான் இடம். தமிழ் வராது. தமிழ் முதலடியை ஆங்கில எழுத்தில் அடித்தால் இன்று ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார், நாளை இன்னொருவர் வேறு மாதிரி; தேடும்போது இரண்டும் அகப்படாது. எண்ணுக்கு அந்தத் தொல்லை கிடையாது. புத்தகத்துக்கு ஓர் எழுத்து, பாட்டின் எண், பிறகு எத்தனையாவது பதிவு என்று ஓர் எண். அவ்வளவே. புத்தகத்தின் பதிப்பு மாறினால் எண்ணும் மாறலாம். எந்தப் பதிப்பின் எண் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

நோட்டு என்றேன் அல்லவா? காகித நோட்டு வேண்டும். கருவியோடு அதே பையில் இருக்க வேண்டும். ஒரு பதிவுக்கு ஒரு வரி: ப்ராஜெக்ட் எண், தேதி, பாட்டு, மைக் வரிசை, நன்றாக வந்ததா இல்லையா. இந்தக் கடைசிக் கட்டம்தான் பின்னால் அழிக்கும்போது உதவும். பாடி முடித்த அந்த நிமிடத்தில் எல்லாருக்கும் தெரியும், எது நன்றாக வந்தது என்று. ஒரு மாதம் கழித்து மூன்று பதிவையும் கேட்டால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

14 மே

இன்னொருவர் கேட்டது: டாஸ்காம் டிபி-008 வைத்திருக்கிறார். யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரில் இணைத்தால் பாட்டு ஒன்றையும் காணவில்லை, எல்லாம் போய்விட்டதா என்று பதறுகிறார்.

போகவில்லை. அந்தக் கருவி கார்டை இரண்டு பகுதியாகப் பிரித்துவைக்கிறது. மல்டிடிராக் பாட்டுகள் இருக்கும் பகுதி கருவிக்கு மட்டுமே தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரிவது மற்றப் பகுதி மட்டும். கருவியின் மெனுவில் பாட்டை பேக்கப் செய்யச் சொன்னால் ஒரு கோப்பு இந்தப் பக்கத்துக்கு வரும். டிராக்குகளை வேவாக வெளியே எடுக்கவும் தனிக் கட்டளை இருக்கிறது. இரண்டையும் செய்யுங்கள். பேக்கப் கோப்பு அந்தக் கருவிக்குத் திரும்பக் கொடுக்க, வேவ் உலகத்துக்கு.

கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரிலேயே செருகினால், ஃபார்மட் செய்யவா என்று அது கேட்கக்கூடும். எந்தக் காரணத்துக்காகவும் சரி என்று சொல்லாதீர்கள்.

15 மே

மேலே "வேவ் உலகத்துக்கு" என்று எழுதியதைப் பற்றி இன்னும் கொஞ்சம்.

1992இல் அலெசிஸ் நிறுவனத்தின் ஆடாட் வந்தது. எட்டு டிராக் டிஜிட்டல் பதிவு, ஆனால் பதிவானது எஸ்-விஎச்எஸ் வீடியோ நாடாவில். ஒரு நாடாவில் நாற்பது நிமிடம்போல. 1996இல் ரோலண்ட் விஎஸ்-880. எட்டு டிராக், ஒவ்வொன்றுக்கும் எட்டு மறை டிராக், ஆக 64. உள்ளே ஹார்ட் டிஸ்க், வெளியே ஜிப் டிஸ்கில் பேக்கப். இடத்தை மிச்சப்படுத்த ஒலியைத் தன் சொந்த முறையில் சுருக்கி எழுதியது அது. அந்தக் காலத்தில் அற்புதமான கருவிகள். வீட்டு அறையில் உட்கார்ந்து ஓர் இசைத்தொகுப்பையே முடிக்க வழிசெய்தவை.

இன்று ஆடாட் நாடாவைக் கேட்க ஓடும் நிலையில் ஓர் ஆடாட் வேண்டும். விஎஸ்-880இன் டிஸ்கைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் செருகினால் வேவ் ஒன்றும் தெரியாது. பாட்டு இருக்கிறது, திறக்கும் சாவி வேறெங்கோ இருக்கிறது. கார்டில் வேவாகவே எழுதும் கருவிகள் இந்தச் சிக்கலை ஏறக்குறையத் தீர்த்துவிட்டன. ஏறக்குறைய என்கிறேன், ஏனென்றால் விவரக் கோப்பு இன்னும் கருவியின் சொந்த மொழியில்தான் இருக்கிறது. ஆர்16 பழுதானால் உங்கள் ஃபேடர் நிலைகளும் போகும். எனவே முடிந்த பாட்டுக்கு மிக்ஸையும் ஒரு ஸ்டீரியோ வேவாக எடுத்து அதே கோப்புறையில் போட்டுவையுங்கள். பின்னால் வருபவருக்கு எட்டு டிராக்கும் கிடைக்கும், அதை நீங்கள் எப்படிக் கேட்டீர்கள் என்பதும் கிடைக்கும்.

20 மே

கூத்து முடிந்து வந்து எழுதுகிறேன். நேற்றிரவு பாதியில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. கருவி அதன் மின்சாரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பதிவின் நடுவில் அணைந்தது. விளக்கு வந்ததும் திறந்து பார்த்தால் அந்த ப்ராஜெக்ட் ஒலிக்க மறுக்கிறது.

இப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்பதை விளக்கமாக எழுதிவைக்கிறேன், யாருக்காவது பயன்படும்.

முதலில் அந்தக் கார்டை வெளியே எடுத்துப் பூட்டுங்கள். வேறு கார்டில் தொடருங்கள். பாதி நின்ற கார்டில் மேற்கொண்டு ஒரு நொடி பதிவு செய்தாலும் அது பழைய ஒலியின் மேலேயே விழக்கூடும்.

வேவ் கோப்பின் தொடக்கத்தில் தலைப்பகுதி ஒன்று இருக்கும். கோப்பு எவ்வளவு நீளம் என்று அதில் எழுதியிருக்கும். பதிவை நிறுத்தும்போதுதான் சரியான நீளம் அங்கே எழுதப்படுகிறது. திடீரென மின்சாரம் போனால் ஒலி கார்டில் இருக்கும், ஆனால் தலைப்பகுதி பொய் சொல்லும். கோப்பின் அளவு கம்ப்யூட்டரில் பெரிதாகத் தெரிந்தால் பிழைத்தோம். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளைத் திறந்து, வெறும் தரவாக உள்ளே எடுக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். 24 பிட், லிட்டில் எண்டியன், ஒற்றை டிராக், 44,100 என்று கொடுங்கள். தொடக்கத்தில் விட வேண்டிய அளவை 44 பைட் என்று கொடுத்துத் தொடங்குங்கள். 24 பிட்டில் ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று பைட். ஒரு பைட் தள்ளிப்போனாலும் மழை பெய்வதுபோல் இரைச்சல் மட்டுமே கேட்கும். பயப்பட வேண்டாம். 45, 46 என்று மாற்றிப் பாருங்கள். மூன்றில் ஒன்றில் இரைச்சல் சட்டென்று விலகி முகவீணை வரும்.

கோப்பின் அளவு பூச்சியம் என்று தெரிந்தால் இந்த வழி நடக்காது. அப்போது ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருள் வேண்டும். அது படங்களை மட்டுமல்ல, வேவையும் தேடும். மீட்டெடுத்தவற்றுக்கு அது கொடுப்பது வெறும் எண். மைக்கின் முன் சொல்லிவைத்த அந்த ஒரு வரியின் அருமை அங்கே தெரியும்.

20 மே, இரவு

நேற்றைய இரவின் எட்டு டிராக்கும் கிடைத்துவிட்டன. கடைசிச் சில நொடிகள் மட்டும் இல்லை. அர்ஜுனன் வேஷம் திரைக்குப் பின் நின்று பாடும் திரை விருத்தம் முழுதாக இருக்கிறது. இதை எழுதும்போது அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

23 மே

நீண்ட பதிவு செய்பவர்கள் கவனிக்க: ஆர்16இல் ஒரு கோப்பு 2 ஜிபியைத் தாண்டாது. ஒற்றை டிராக், 24 பிட் என்றால் அது நாலரை மணி நேரம். இரண்டு டிராக்கைச் சேர்த்து ஸ்டீரியோவாகப் பதிந்தால் அதில் பாதி. ஆராதனைக்கு இது போதும். கூத்துக்குப் போதாது. ஒரு வேஷம் உள்ளே போய் அடுத்த வேஷம் திரைக்குப் பின் தயாராகும் இடைவெளியில் நிறுத்தித் தொடங்கிவிடுவேன்.

முன்பெல்லாம் ஓர் இரவு ஒரு ப்ராஜெக்ட் என்று வைத்தேன். குறிகளை வைத்துப் பாட்டுகளைப் பிரித்தேன். இப்போது ஒரு வேஷத்தின் வருகைக்கு ஒரு ப்ராஜெக்ட். ஒரு ப்ராஜெக்ட் கெட்டாலும் இரவு முழுவதும் கெடாது. ஜமாவினர் வந்து "எங்கள் துரியோதனன் பகுதி மட்டும் வேண்டும்" என்று கேட்டாலும் உடனே எடுத்துக் கொடுக்கலாம். உங்களுக்கு ஒரு கீர்த்தனை ஒரு ப்ராஜெக்ட். ஒத்திகையில் ஒரே பாட்டை மூன்று முறை பாடினால் மூன்றையும் ஒரே ப்ராஜெக்டில் வைக்காதீர்கள். எந்தப் பதிவின் ஆல்டோவோடு எந்தப் பதிவின் டெனர் சேரும் என்று பிறகு குழம்பும்.

27 மே, கேட்டவரிடமிருந்து

ஆராதனைத் தாள்கள் கிடைத்துவிட்டன. சபையின் முன்னாள் ஆர்கன் வாசிப்பாளர் ஒருவர் வீட்டில் கட்டுக்கட்டாக வைத்திருந்தார். சொன்னதுபோலவே அவரையே பக்கத்தில் உட்காரவைத்தோம். முன்னிசையைக் கேட்டே எண்ணைச் சொன்னார். நான்கைந்து மட்டும் மிச்சம். இப்போது எதையெல்லாம் அழிக்கலாம்?

28 மே

அழிப்பதற்கு முன் நகல்கள் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 என்ற கணக்கு எளிமையானது: மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில். உங்களுக்கு, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, தேவாலய அலுவலகத்தில் அல்லது வேறு ஒருவர் வீட்டில் ஒன்று. ஒரே அலமாரியில் மூன்று டிஸ்க் வைத்தால் அது ஒரு நகல்தான்.

இடம் குறைக்க வேண்டுமானால் எம்பி3 ஆக்காதீர்கள், ஃப்ளாக் ஆக்குங்கள். ஒலியில் ஒரு துளியும் குறையாது, இடம் பாதியளவுக்குக் குறையும். மைக் முன் யாரும் பாடாமல் இருந்த நேரம் அதிகமாக உள்ள டிராக்குகளில் இன்னும் குறையும். அதோடு, ஒலியின் கைரேகையைத் தன் தலைப்பகுதியிலேயே எழுதிவைக்கிறது ஃப்ளாக். பத்து ஆண்டு கழித்துக் கோப்பு கெட்டிருக்கிறதா என்று ஒரு கட்டளையில் சரிபார்த்துவிடலாம். வேவுக்கு அந்த வசதி தானாக வராது. கருவிக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டியவற்றை மட்டும் வேவாகவே, ப்ராஜெக்ட் கோப்புறையோடு வையுங்கள்.

இவ்வளவும் முடிந்தபின், கார்டிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்க வேண்டாம். அழித்து அழித்துப் பதிந்தால் கோப்புகள் கார்டெங்கும் துண்டு துண்டாகச் சிதறும். எட்டு டிராக் ஒரே சமயத்தில் எழுதும்போது கார்டு ஈடுகொடுக்காமல் பதிவு நின்றுபோகலாம். மொத்தமாகக் கருவியிலேயே ஃபார்மட் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் வேண்டாம்.

28 மே, தொடர்ச்சி

எதை வைப்பது, எதை விடுவது என்பதில் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தொடங்கி நாலு வரியில் நின்றுபோனவை, மைக் சோதனை, யாரும் நிறுத்தாமல் விட்டதால் பதிவான நாற்காலி இழுக்கும் சத்தம், இவை போகலாம். ஆராதனையில் பாடியது எதையும் விடக் கூடாது, சுமாராகப் பாடியிருந்தாலும். அதை மறுபடி பாடவைக்க முடியாது.

ஒத்திகைதான் இடைப்பட்டது. நன்றாக வந்ததை மட்டும் வைத்தால் போதும் என்றுதான் எவருக்கும் தோன்றும். கூத்தில் எனக்கு வேறு விதமாகத் தெரிகிறது. வாத்தியார் இளம் வேஷக்காரருக்கு ஒரு தருவை, அதாவது கூத்துப் பாட்டைச் சொல்லிக்கொடுப்பது, அடியைப் பிரித்து, தாளத்தைக் கையால் தட்டி, மறுபடி மறுபடி. அது நிகழ்ச்சியில் இல்லாத ஒன்று. அந்தப் பதிவை அழிக்க எனக்கு மனம் வருவதில்லை, அழித்ததுமில்லை. உங்கள் குழுத்தலைவர் ஆல்டோ பகுதியைப் பாடிக் காட்டித் திருத்தும் பதிவு ஏதாவது இருந்தால் அதை முதலில் ஒதுக்கி வையுங்கள்.

3 ஜூன், கேட்டவரிடமிருந்து

அப்படி ஐந்தாறு இருக்கின்றன. நான்கு குரலும் தனித்தனி டிராக்கில். பூட்டி வைப்பதைத் தவிர வேறு பயன் உண்டா?

3 ஜூன்

உண்டு. ப்ராஜெக்டைக் கருவியில் ஒரு நகல் எடுத்து, மூலத்துக்கு மெனுவில் பாதுகாப்பைப் போட்டுவிடுங்கள். அதன்பின் மூலத்தில் யாரும் தவறிக்கூடப் பதிய முடியாது. நகலில் ஆல்டோ ஃபேடரை மட்டும் நன்றாக உயர்த்தி, மற்ற மூன்றையும் பாதிக்குக் கீழே இறக்கி, ஒரு ஸ்டீரியோ மிக்ஸ் எடுங்கள். இதே மாதிரி டெனர், பேஸ், சோப்ரானோ ஒவ்வொன்றுக்கும். மற்றக் குரல்களை முழுதாக அணைத்துவிட வேண்டாம். தன் குரல் எதன் மேல் உட்காருகிறது என்று கற்பவருக்குக் கேட்க வேண்டும். சொல்லிக்கொடுக்கும் பேச்சையும் வெட்ட வேண்டாம்.

இந்த நான்கையும் எம்பி3 ஆக்கலாம், இவை அனுப்புவதற்குத்தானே. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அடுத்த ஒத்திகைக்கு முன் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கோப்பின் பெயரில் கீர்த்தனை எண்ணும் குரலும் இருக்கட்டும்.